நஞ்சு நின்ற இடம்



பெருவிழாவின் இந்நன்னாளிலே, அம்மையப்பர் திருவீதிக்கு எழுந்தருளுவதற்கு முன் அமைந்த இச்சிறு பொழுதில், திருநீலகண்டத்தின் பெருமையைச் சிந்திக்குமாறு திருக்கோயிலார் நம்மைப் பணித்துள்ளனர். நஞ்சுண்ட வரலாறு நீங்கள் அறியாததன்று. பிரதோஷந்தோறும் நந்தியெம்பெருமானின் கொம்புகளுக்கிடையே நின்று தரிசிக்கும் அன்பர் அனைவரும் அதனை நினைந்தே தொழுகின்றனர். ஆயினும் அறிந்த வரலாற்றிலே அறிய வேண்டுவது இன்னும் எஞ்சியிருக்கிறது. நஞ்சு என்பது யாது? அதனை முறிப்பது யாது? முறிப்பதற்கு நாம் செய்ய வேண்டுவது யாது? இம்மூன்றையும் இன்று ஒருசேர எண்ணிப் பார்ப்போம்.

வானவரும் தானவரும் அமுதம் வேண்டியே பாற்கடலைக் கடைந்தனர். ஆனால் அமுதத்துக்கு முன்னே எழுந்தது ஆலகாலம். அதன் வெம்மை தாங்காது யாவரும் கயிலைக்கு ஓடினர். இறைவன் என் செய்தான்? 'யாரைக் கேட்டுக் கடைந்தீர்?' என்று வினவினானா? 'நாளை வாருங்கள்' என்றானா? இல்லை. அபயக் குரல் செவியில் விழுந்த அக்கணமே நஞ்சினைக் கொணரச் செய்து, தன் கையில் ஏற்று, உட்கொண்டான். உள்ளே சென்றால் அவன் வயிற்றகத்து அடங்கிய உலகங்கள் அழியும். வெளியே உமிழ்ந்தால் புறத்துள்ள உலகங்கள் அழியும். ஆதலின் உள்ளும் செல்லாது, புறமும் போகாது, கண்டத்திலே அதனை நிறுத்தினான்.

இவ்வரலாற்றில் மூன்று செய்திகளை உளங்கொள்ள வேண்டும். ஒன்று, காலம்: அவன் தாழ்க்கவில்லை. இரண்டு, அளவு: நஞ்சு முழுவதையும் சிதறாது ஒன்றாகத் திரட்டிக் கொண்டான். மூன்று, இடம்: அது எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்தினான். நஞ்சை வெல்லும் மருத்துவ நெறி முழுவதும் இம்மூன்றிலே அடங்குகிறது என்றால் அன்பர்கள் வியப்படையலாம். அதனை விளக்குவோம்.

உடம்பிலே புகுந்த நஞ்சை வெல்ல மருத்துவர் கையாளும் வழிகள் பலவாயினும், பெரும்பாலும் அவை மூவகையில் அடங்கும். முதலாவது, நஞ்சு குருதியில் கலக்கும் முன்னரே அதனைத் தடுத்து நிறுத்துவது. இதற்குப் பயன்படுவது பக்குவப்படுத்திய கரித்தூள். அடுப்புக் கரியன்று, நுண்ணிய துளைகள் எண்ணிலவாக அமையுமாறு செய்யப்பெற்ற கரி. அதில் ஒரு கிராம் எடையிலே அடங்கிய துளைகளின் பரப்பை விரித்தால் ஏறத்தாழ 1,000 சதுர மீட்டர் அளவு ஆகும். இரைப்பையில் கிடக்கும் நஞ்சு அப்பரப்பிலே ஒட்டிக்கொண்டு, குருதியிற் சேராமல் மலத்தோடு வெளியேறுகிறது. ஆனால் நஞ்சு உண்ட ஒருமணி நேரத்துக்குள் கொடுத்தாலே இதன் முழுப்பயன் கிட்டும். அமிலத்துக்கும், மண்ணெண்ணெய்க்கும், இரும்புச் சத்து மாத்திரைகளை மிகுதியாக விழுங்கியதற்கும் இது உதவாது. இன்ன நஞ்சுக்கு இது ஆகும், இன்னதற்கு ஆகாது என்று தெரிந்த மருத்துவரே இதனைக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, நஞ்சு செய்யும் தொழிலுக்கு நேர் எதிரான தொழிலைச் செய்யும் பொருளைச் செலுத்துவது. வயல்களில் தெளிக்கும் பூச்சிகொல்லி மருந்துகளில் ஒருவகை உடம்பில் ஏறினால், கண்மணி சுருங்கும், வாயிலும் நுரையீரலிலும் நீர் பெருகும், இதயத்துடிப்பு தளரும். அதற்கு மாற்றாக மருத்துவர் செலுத்தும் மருந்து அட்ரோபின். அது கண்மணியை விரிக்கும், ஊறும் நீரை வற்றச் செய்யும், இதயத்தை விரைவுபடுத்தும். இம்மருந்துப் பொருள் எச்செடியில் இருக்கிறது தெரியுமா? நம் பெருமான் சடையிலே சூடும் ஊமத்தையிலும் இருக்கிறது. ஊமத்தை தானே ஒரு கொடிய நஞ்சு. அதன் காயையோ விதையையோ உண்டவர் பித்தேறி மயங்கி உயிர் விடுதலும் உண்டு. அந்நஞ்சின் சாரமே, அறிந்தவர் கையில், அளவோடு நின்று, மற்றொரு நஞ்சுக்கு முறிவாகிறது. ஊமத்தையை அவன் சூடினான். நாம் உண்ணப் பணிக்கவில்லை. நஞ்சும் மருந்தும் வேறு வேறு பிறப்பினவல்ல; அளவும் இடமுமே அவற்றை வேறாக்குகின்றன என்று அவன் திருமேனி நமக்கு ஓதுகிறது.

மூன்றாவது வழியே இன்று நாம் விரித்துரைக்க எண்ணியது. குருதியிற் கலந்துவிட்ட நஞ்சைத் தேடிச் சென்று, பற்றிப் பிடித்து, அதன் தொழிலை ஒடுக்குவது. பாம்பின் நஞ்சுக்கு அளிக்கும் முறிவு மருந்து இவ்வகையினது. பெருமான் அணிகலனாகப் பூண்ட பாம்பைப் பற்றியும், அதன் நஞ்சைப் பற்றியும் இச்சந்நிதியிலே பேசுவது பொருத்தமே.

1891-ஆம் ஆண்டு, இன்று வியட்நாம் எனப்படும் நாட்டின் சைகோன் நகரில் ஆல்பர்ட் கால்மெட் என்னும் பிரெஞ்சு மருத்துவர் பணியாற்றி வந்தார். மழை வெள்ளம் பெருகியபோது நாகங்கள் ஒரு சிற்றூருக்குள் புகுந்து பலரைக் கடித்தன; சிலர் மாண்டனர். அத்துயரமே அவரை இவ்வாராய்ச்சியில் செலுத்தியது. 1894-இல் அவரும், பிசலி, பெர்த்ரான் என்னும் வேறிரு அறிஞர்களும் பாரிஸ் நகரில் ஒரே உண்மையைத் தனித்தனியே வெளியிட்டனர். பாம்பின் நஞ்சைச் சிறிது சிறிதாக ஒரு விலங்கின் உடம்பில் ஏற்றினால், அவ்விலங்கின் குருதியிலே நஞ்சை எதிர்க்கும் ஆற்றல் தோன்றுகிறது. அக்குருதியிலிருந்து பிரித்தெடுத்த தெளிநீர் பிற உயிரையும் அந்நஞ்சினின்று காக்கிறது. இதுவே அவர்கள் கண்ட உண்மை.

இன்றும் அம்முறையே நடைபெறுகிறது. உடல்நலம் மிக்க குதிரைகளைத் தேர்ந்து, அவற்றுக்குத் துன்பம் வராத சிறு அளவில் நஞ்சை முதலில் ஏற்றுவர். நாட்கள் செல்லச் செல்ல அளவைக் கூட்டுவர். திங்கள் சில கழிந்தபின், முதல்நாள் கொடுத்திருந்தால் கொன்றிருக்கக் கூடிய அளவையும் அக்குதிரை தாங்கும். அதன் குருதியில் ஒரு பகுதியை எடுத்து, நஞ்சைப் பற்றும் பொருளைப் பிரித்துத் தூய்மை செய்து, உலர்த்திப் பொடியாக்கிக் குப்பிகளில் அடைக்கின்றனர். தான் நஞ்சை ஏற்றுப் பிறர்க்கு வாழ்வளிக்கும் அவ்வாயில்லா உயிரை நினைக்குந்தோறும், நஞ்சை ஏற்று வானவர்க்கு வாழ்வளித்த பெருமானின் கருணை நினைவுக்கு வருகிறதன்றோ?

குதிரைக்கு ஏற்றும் நஞ்சு எங்கிருந்து வருகிறது? அதனை அளிப்பவர்களில் முதன்மையானோர் நம் தமிழ்நாட்டு இருளர் பெருமக்கள். தலைமுறை தலைமுறையாகப் பாம்பு பிடித்து, அதன் தோலை விற்றுப் பிழைத்தவர்கள் அவர்கள். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972-இல் வந்தபின், தோல் வாணிகம் படிப்படியாக நின்றது. அவர்கள் பிழைப்பும் நின்றது. 1978-இல் மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் அவர்கள் உயிரோடு பிடித்து வந்து, மட்பானைகளில் சில வாரம் வைத்துக் காத்து, நஞ்சை மட்டும் எடுத்துக்கொண்டு, அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விட்டு விடுகின்றனர். இப்பணியில் ஈடுபட்ட வடிவேல் கோபால், மாசி சடையன் என்னும் இருவருக்கு 2023-ஆம் ஆண்டில் நடுவணரசு பத்மஸ்ரீ விருது அளித்தது. பாம்பைக் கொன்று வாழ்ந்த கைகள், பாம்பையும் காத்து மனிதரையும் காக்கும் கைகளாயின. இதனினும் சிறந்த சிவத்தொண்டு யாதுளது?

இனி அம்மருந்தின் இயல்பைக் காண்போம். பாம்புக்கு ஏற்ப நஞ்சும் வேறு. ஆதலின் முறிவும் வேறு. நாகத்தின் நஞ்சுக்கென ஆக்கிய மருந்து கண்ணாடிவிரியன் நஞ்சை முறிக்காது. எனவே நம் நாட்டில் மேற்கூறிய நான்கின் நஞ்சையும் ஏற்றே ஒரே மருந்தாக ஆக்குகின்றனர். அம்மருந்தின் 1 மில்லிலிட்டர், நல்லபாம்பின் நஞ்சிலும் கண்ணாடிவிரியன் நஞ்சிலும் 0.6 மில்லிகிராமையும், மற்ற இரண்டின் நஞ்சில் 0.45 மில்லிகிராமையும் ஒடுக்க வல்லது. இவ்வளவு நஞ்சுக்கு இவ்வளவு மருந்து என்பது இவ்வாறு திட்டமான கணக்கு. இதனால் விளையும் ஒரு செய்தியைத் தாய்மார்கள் கேட்க வேண்டும். வேறு மருந்துகளைக் குழந்தைக்குக் குறைத்துக் கொடுப்போம். இம்மருந்தை அவ்வாறு குறைப்பதில்லை. பாம்பு, குழந்தை என்று பார்த்து நஞ்சைக் குறைத்துக் கக்குவதில்லை. மருந்து முறிக்க வேண்டுவது உடம்பையன்று, நஞ்சையே. ஆதலின் பெரியவருக்கு எத்தனை குப்பியோ, குழந்தைக்கும் அத்தனையே.

மற்றொன்று, அனைத்தினும் முதன்மையானது. இம்மருந்து குருதியிலே திரியும் நஞ்சைப் பற்றும். ஆனால் நஞ்சு ஏற்கெனவே செய்து முடித்த கேட்டை மாற்றாது. கண்ணாடிவிரியன் நஞ்சு, குருதி உறைவதற்கு வேண்டிய பொருள்களைச் செலவழித்துத் தீர்த்துவிடும், பின்பு குருதி உறையாமல் ஒழுகும், சிறுநீரகமும் கெடும். மருத்துவமனையில் தூய கண்ணாடிக் குழாயிலே 2 மில்லிலிட்டர் குருதியை எடுத்து, 20 நிமிடம் அசையாது வைத்து, உறைகிறதா என்று பார்ப்பது இதனை அறியவே. கட்டுவிரியனோ இரவில் தரையில் உறங்குவோரைக் கடிக்கும். கடித்த வலியும் தோன்றாது; கடிவாயும் தெரியாது. விடியலில் வயிற்றுவலி என்பர், கண்ணிமை தாழும், பேச்சுக் குழறும், பின் மூச்சு நிற்கும். அந்நஞ்சு நரம்பின் முனையைச் சிதைத்துவிட்டபின், எத்தனை குப்பி மருந்தும் சிதைந்ததை உடனே சீராக்காது. நரம்பு தானே தளிர்க்கும் வரை கருவியால் மூச்சளித்துக் காக்க வேண்டும். எனவேதான், கண்டத்திலே தடுப்பதற்குரிய காலம் ஒன்றுண்டு. அது கடந்தபின் தடுப்பது அரிது என்கிறோம்.

அன்பர்களே! இவ்வளவு அரிய மருந்து இருந்தும் நம் நாட்டில் நிகழ்வது யாது? 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர், அதாவது ஆண்டொன்றுக்குச் சராசரி 58,000 பேர் மாண்டனர் என்று 2020-இல் வெளிவந்த ஆய்வு மதிப்பிட்டது. அதற்கு முன் 2011-இல் வெளிவந்த ஆய்வோ, இறந்தோரில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டோர் மருத்துவமனைக்கு வெளியிலேயே உயிர் துறந்தனர் என்று காட்டியது. உழவரும், கூலியாளரும், சிறு பிள்ளைகளுமே இவர்களிற் பலர். மருந்து இல்லாமல் மட்டுமன்று. மருந்துள்ள இடத்துக்குக் காலத்தால் செல்லாமலும் இவர்கள் மாண்டனர்.

ஏன் செல்வதில்லை? சிலர்க்குத் தொலைவு, சிலர்க்கு வறுமை. வேறு பலர்க்கோ, முதலில் மந்திரித்துப் பார்ப்போம், பச்சிலை அரைத்துக் கொடுப்போம், கல் வைத்து உறிஞ்சுவோம், விடியட்டும் என்ற எண்ணம். 'அவர் மந்திரித்தார், இவன் பிழைத்தான்' என்று சான்றும் காட்டுவர். உண்மையாதெனின், மனிதரைக் கடிக்கும் பாம்புகளிற் பெரும்பாலன நஞ்சில்லாதவை. நஞ்சுள்ள பாம்பும் கடிக்குந்தோறும் நஞ்சைச் செலுத்துவதில்லை. அத்தகைய கடிபட்டோர் எதுவும் செய்யாவிடினும் பிழைப்பர். பிழைத்தவர் கதை ஊரெங்கும் பரவும். பிழையாதவர் 'விதி முடிந்தது' என்று மண்ணிலே மறைவர். இவ்வாறே நம்பிக்கை வளர்கிறது. இவ்வாறே உயிரும் தேய்கிறது.

இவ்விடத்தில் அன்பர் சிலர் உள்ளத்தில் ஒரு கேள்வி எழும். அது நியாயமான கேள்வி. 'திங்களூரில் அப்பூதியடிகளின் மைந்தனை அரவு தீண்டியபோது அப்பர் பெருமான் பதிகம் பாடி எழுப்பவில்லையா? திருமருகலில் வணிகனை அரவு தீண்டியபோது ஞானசம்பந்தப் பெருமான் பாடி எழுப்பவில்லையா? திருமயிலையில் பூம்பாவையை எழுப்பவில்லையா? பதிகமே விடம் தீர்க்கும் என்றிருக்க, எம்மை மருத்துவமனைக்கு அனுப்புவது சைவமாகுமா?' என்பதே அக்கேள்வி.

பதிகத்தின் பெருமையில் நமக்கு அணுவளவும் ஐயமில்லை. ஆயினும் வரலாற்றை ஊன்றிப் பாருங்கள். திங்களூரில் வாழையிலை கொய்யச் சென்ற பிள்ளை, இலையைத் தாய் கையில் கொடுத்து, வீழ்ந்து உயிர் நீத்தபின்னரே அப்பர் பெருமான் செய்தியறிந்தார். திருமருகலில் வணிகன் இறந்து கிடக்க, அவனோடு வந்த பெண் அழுத குரலே பிள்ளையார் செவியில் விழுந்தது. மயிலையிலோ பூம்பாவை சாம்பரும் எலும்புமாகிக் குடத்தில் இருந்தாள். இம்மூன்று இடத்தும் மனித முயற்சிக்கு இனி வழியில்லை என்றான பின்னரே அருள் பாட்டாகி வந்தது. உயிரோடு துடிக்கும் ஒருவனை, மருத்துவரிடம் கொண்டு செல்லாதீர் என்று அடியார் எவரேனும் தடுத்ததாகப் பெரியபுராணம் கூறுகிறதா? எங்குமில்லை. அருள், முயற்சி முடிந்த எல்லையிலே கை கொடுப்பது; முயற்சியை விலக்குவதன்று.

மேலும் ஒன்று காண்க. அப்பூதியடிகளும் மனைவியாரும் அடியாரை அமுது செய்விக்க வேண்டும் என்ற பேரன்பினால் மைந்தன் உடலை மறைத்தனர். உண்மை அறிந்த அப்பர் பெருமானோ, முன்னே அமுது காத்திருக்கவும், உண்ணாமலே உடனே எழுந்து திருக்கோயிலை நோக்கி நடந்தார். அமுது பிறகு, உயிர் முன்பு. கயிலையிலே நஞ்சுண்டவன் காட்டிய விரைவும் இதுவே. திங்களூரிலே அவன் அடியார் காட்டிய விரைவும் இதுவே. அவ்விரைவை நாம் பின்பற்றாது, பாட்டை மட்டும் சொல்லிக் காலம் போக்கினால் அது அடியார் வழியாகாது.

நம் முன்னோரும் இதனை நன்கு உணர்ந்திருந்தனர். சோழர் காலக் கல்வெட்டுகளில் 'விஷஹரபோகம்' என்று ஒரு சொல் வழங்குகிறது. ஊரிலே நஞ்சு தீர்க்கும் மருத்துவருக்கு விடப்பட்ட நிலம் அது. காஞ்சிபுரத்துக்கு அண்மையில் உள்ள திருமுக்கூடல் பெருமாள் கோயிலில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராசேந்திர சோழன் காலத்தில் பொறித்த கல்வெட்டு, 15 படுக்கைகள் கொண்ட மருத்துவமனை ஒன்றைக் குறிக்கிறது. மருத்துவருக்கும், அறுவை செய்வோருக்கும், நோயாளரைப் பேணும் பெண்டிருக்கும் இவ்வளவு நெல் என்று அது வகுத்துரைக்கிறது. கோயிலிலே விளக்கு எரிந்தது. அதன் நிழலிலேயே மருந்தும் இருந்தது. அவர்கள் தம் காலத்து அறிவு கண்ட வழியைப் போற்றினர். நாம் நம் காலத்து அறிவு கண்ட வழியைப் போற்ற வேண்டாமா?

ஆகவே, செய்யத்தக்கதைச் சுருங்கக் கூறுவோம். அரவு தீண்டியவரை அஞ்ச விடாதீர்கள். படுக்க வைத்துத் தேற்றுங்கள். கடிபட்ட கையையோ காலையோ அசையாதபடி மரச்சட்டம் வைத்துத் தளர்வாகக் கட்டுங்கள். மோதிரம், வளையல், மெட்டி, கொலுசு இவற்றை வீக்கம் வருமுன் கழற்றிவிடுங்கள். கயிற்றால் இறுக்கிக் கட்டாதீர்கள், கத்தியால் கீறாதீர்கள், வாயால் உறிஞ்சாதீர்கள். பாம்பைத் தேடி ஓடிக் காலத்தை வீணாக்காதீர்கள். அதனைக் கொண்டு வந்தால்தான் மருத்துவம் என்பதில்லை. 108 வண்டியை அழையுங்கள். அது வரும் வரை காக்கவியலாதெனில் கிடைத்த வண்டியில் முறிவு மருந்துள்ள அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். அம்மருந்தை வீட்டிலே வாங்கி வைக்க எண்ண வேண்டா. சிலருக்கு அதனாலேயே ஒவ்வாமை தோன்றி மூச்சு முட்டுவதுண்டு. அதனையும் உடனே தணிக்க வல்லார் அருகிருக்கும்போதே அதனைச் செலுத்த வேண்டும்.

வருமுன் காப்பது இதனினும் நன்று. பாம்புக்கடி இறப்பில் ஏறத்தாழப் பாதி, ஜூன் முதல் செப்டம்பர் வரையுள்ள மழைத் திங்கள்களில் நிகழ்வது. இரவில் வயலுக்குச் செல்வோர் கைவிளக்கின்றிச் செல்லற்க. தரையில் உறங்குவோர் கொசுவலையைப் பாயின் அடியிலே செருகிக்கொண்டு உறங்குக. திருவிழாக் காலத்தில் வெளியூர் அன்பர் மண்டபத்திலும் தோப்பிலும் படுத்துறங்குகின்றனர். அவ்விடங்களில் புதர் நீக்கி விளக்கிடுவது திருப்பணியே. எந்த மருத்துவமனையில் முறிவு மருந்து உண்டு, எவர் வண்டி நள்ளிரவிலும் வரும் என்பதைக் கோயில் வாயிலிலே எழுதி வைப்பதும் திருப்பணியே. குடமுழுக்குக்குப் பொருள் திரட்டும் கைகளுக்கு இது அரிய செயலன்று.

வழிபாட்டை விடுமாறு நாம் கூறவில்லை. வண்டி விரையும்போது உடனிருப்பவர் திருவைந்தெழுத்தை ஓதட்டும். வீட்டிலுள்ளோர் விடம் தீர்த்த திருப்பதிகத்தை உருகிப் பாடட்டும். நா பாடுக; கால் விரைக. இரண்டும் ஒருங்கே நிகழ்வதற்குத் தடையொன்றுமில்லை. ஆராய்ந்தவர் அறிவிலும், நஞ்சை ஏற்ற குதிரையின் குருதியிலும், இருளர் கையிலும், இரவெல்லாம் விழித்திருக்கும் மருத்துவர் கண்ணிலும் நின்று உயிர் காப்பவன் அந்த நீலகண்டனே என்று நம்புவோருக்கு மருத்துவமனை வாயிலும் ஒரு சந்நிதி வாயிலே.

இதோ, மேளம் முழங்குகிறது. அம்மையப்பர் எழுந்தருளும் நேரமாயிற்று. வெளிச்சம் பிடித்தவாறே எல்லோரும் வீதிக்கு வாருங்கள். உலகத்து நஞ்செல்லாம் உயிரைத் தீண்டுமுன் தடுக்கும் காலமும், அறிவும், விரைவும் நமக்கு வாய்க்குமாறு கறைக்கண்டன் திருவடிகளை வேண்டி அமைகின்றோம்.

திருச்சிற்றம்பலம்.